குரலும் அட்டைத் துப்பாக்கியும்

1973-ல் இத்தாலியில் வெளியான ஓர் இசைத்தட்டு இன்றும் கேட்பவரை நிம்மதியாக உட்காரவிடுவதில்லை. அதை ரசிப்பதா, அதோடு சண்டை போடுவதா?

சுழலும் இசைத்தட்டின் மீது முள் இறங்குகிறது. ராக் இசை என்று காசு கொடுத்து வாங்கியவர் கிடாரின் அலறலுக்குக் காத்திருக்கிறார். வருவதோ ஒரு பெண்ணின் குரல். அவர் பாடவில்லை, பேசுகிறார். அதுவும் அரபு மொழியில். அன்புக்குரிய ஒருவரை விளித்து அமைதியைப் பற்றிச் சொல்கிறார். தட்டை வாங்கிய இத்தாலியருக்கு அநேகமாக ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. பேச்சு முடிந்ததும் ஓர் ஆண் குரல் எழுகிறது. வழிபாட்டில் ஓதுவது போன்ற நிதானம், அடிவயிற்றிலிருந்து வரும் கனம். அது ஒரு நிலைக்கு வந்ததும் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாகப் பாய்கின்றன. மெட்டு கல்யாண வீட்டு ஆட்டத்துக்கானது, வேகம் துரத்தப்படுகிறவனுடையது.

'ஆரேயா' என்ற குழுவின் முதல் ஆல்பம் இப்படித்தான் தொடங்குகிறது. ஆல்பத்தின் பெயர் 'ஆர்பைட் மாக்ட் ஃப்ரை'. மிலான் நகரின் க்ராம்ப்ஸ் நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் 6 உருப்படிகள், 36 நிமிடங்கள் சொச்சம். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இத்தாலிய ராக் இசையின் சோதனை முயற்சிகளைப் பற்றிப் பேசும் எவரும் இந்தத் தட்டைத் தாண்டிப் போக முடிவதில்லை.

ஆனால் இதைப் பாராட்டுவது சுலபமான வேலை அல்ல. முதல் தடை காதுக்கு. இரண்டாவது தடை மனசாட்சிக்கு. நாலைந்து முறை கேட்டால் முதல் தடை விலகிவிடும். இரண்டாவது விலகவே விலகாது. விலகக் கூடாது என்பதுதான் இந்த ஆல்பத்தின் விசேஷம்.

கொதித்த தேசம்

அந்த வருடங்களில் இத்தாலி கொதித்துக் கொண்டிருந்தது. 1969-ன் இலையுதிர் காலத்தில் தொழிற்சாலைகள் வேலைநிறுத்தங்களால் ஸ்தம்பித்தன. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று மிலானின் பியாட்சா ஃபோன்டானா சதுக்கத்தில் இருந்த வங்கியில் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இடதுசாரி, வலதுசாரி ஆயுதக் குழுக்களின் வன்முறை நாட்டை உலுக்கியது. இத்தாலியில் அந்தக் காலம் 'ஈய ஆண்டுகள்' என்று அழைக்கப்படுகிறது.

இதே இளைஞர்கள்தான் 'புரோகிரஸிவ் ராக்' இசையை மடியில் ஏந்திக் கொண்டார்கள். மூன்று நிமிடப் பாட்டு என்ற வரம்பை உடைத்து, நீண்ட உருப்படிகளையும் சிக்கலான தாளங்களையும் கையாண்ட ராக் வகை அது. 'வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர்' என்ற ஆங்கிலக் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பம் சொந்த நாட்டில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. இத்தாலியில் விற்பனையில் முதலிடத்துக்கே போனது. உள்ளூரிலும் குழுக்கள் முளைத்தன. பி.எஃப்.எம்., பாங்கோ, லே ஓர்மே ஆகியவை முன்வரிசை. ஓபராவின் உருக்கமும் ஐரோப்பிய செவ்வியல் இசையின் கட்டமைப்பும் இவர்களுக்குக் கைவந்தன. கேட்க இதம்.

கச்சேரி அரங்குகளில் மட்டும் இதம் இல்லை. 1971 ஜூலை 5 அன்று மிலானின் விகொரெல்லி மைதானத்தில் லெட் ஸெப்பலின் குழு வாசித்தபோது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. கூட்டம் மேடையை நோக்கி ஓடியது. கச்சேரி பாதியில் நின்றது. அந்தக் குழு பிறகு இத்தாலியில் வாசிக்கவே இல்லை.

ஆரேயா 1972-ல் உருவானது. மற்ற குழுக்கள் வடக்கே லண்டனையும் வியன்னாவையும் பார்த்துக் கொண்டிருந்தபோது இது கிழக்கே திரும்பியது. பால்கன் கிராமங்கள், கிரேக்கம், அரபு உலகம், கூடவே அமெரிக்கக் கறுப்பர்களின் கட்டற்ற ஜாஸ். பெயருக்குப் பின்னால் 'இன்டர்நேஷனல் பாப்புலர் குரூப்' என்று ஒரு வாலையும் ஒட்டிக் கொண்டது. அந்த 'பாப்புலர்' என்ற சொல்லில் 'பாப்' மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். பாப் இசையும் பாமர மக்களும் ஒரே சொல்லுக்குள்.

அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து வந்தவர்

'இன்டர்நேஷனல்' வெறும் பகட்டு அல்ல. பேஸ் கிடார் வாசித்த பாட்ரிக் ஜீவாஸ் பிரான்ஸில் பிறந்தவர். பாடகர் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸோ எந்த ஒரு தேசத்துக்குள்ளும் அடங்காதவர். 1945-ல் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். தேவாலயத்தில் பைஸாண்டிய வழிபாட்டு இசை, தெருவில் அரபுப் பாட்டு, வானொலியில் ராக் அண்ட் ரோல் என்று கலவையாகக் கேட்டு வளர்ந்தார். 1957-ல் சைப்ரஸுக்கு அனுப்பப்பட்டார். 1962-ல் கட்டடக் கலை படிக்க மிலான் வந்தார்.

படிப்பைவிடப் பாட்டு பிடித்துக் கொண்டது. 'இ ரிபெல்லி' என்ற குழுவில் சேர்ந்து 1967-ல் 'பூனி கியூஸி' என்ற காதல் பாட்டைப் பாடினார். பெரிய வெற்றி. அதே பாணியில் தொடர்ந்திருந்தால் வசதியான நட்சத்திரமாக வாழ்ந்திருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. கிடைத்த புகழை விட்டுவிட்டு, வெற்றிக்கு எந்த உத்தரவாதமும் இல்லாத ஆரேயாவுக்கு வந்தார்.

டிரம்ஸில் ஜூலியோ கபியோட்சோ. கீபோர்டில் பாட்ரிசியோ ஃபரிசெல்லி. கிடாரும் வி.சி.எஸ்.3 என்ற லண்டன் தயாரிப்பு சிந்தசைசரும் பாவ்லோ டோஃபானியின் பொறுப்பு. சாக்ஸபோன், விக்டர் எடுவார்டு புஸ்நெல்லோ. எல்லோருக்கும் பின்னால் வாத்தியம் எதுவும் வாசிக்காத ஒருவர்: ஜான்னி சாஸ்ஸி. விளம்பரத் துறைக்காரர், க்ராம்ப்ஸ் நிறுவனத்தின் மூளை. பாடல் வரிகளை 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்ற புனைபெயரில் எழுதியவர் அவர்தான். கேட்பவரைத் திடுக்கிட வைப்பது எப்படி என்பது அவருக்கு அத்துபடி.

எப்படிக் கேட்பது?

தாளத்திலிருந்து தொடங்குவது நல்லது. மேற்கத்திய ராக் பெரும்பாலும் நாலு நாலாக நடக்கும். இங்கே நடை கோணலாக இருக்கிறது. காலைத் தட்டிக்கொண்டு கேட்பவர் சீக்கிரமே தப்பாகத் தட்டுவார். பால்கன் நாடுகளின் கிராமிய ஆட்டங்களில் ஏழு எண்ணிக்கை சர்வ சாதாரணம். குட்டையும் நெட்டையுமான அடிகளைக் கோத்து நொண்டி நடப்பது போலவும் ஓடுவது போலவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். முதல் பாட்டு நிற்பது அந்த மரபின் மீது. மிஸ்ர சாபுவில் பழகிய காதுக்கும், ரூபக் தாளத்தில் பழகிய காதுக்கும் இதில் பயப்பட ஒன்றுமில்லை. மிலான் இளைஞர் தடுமாறிய இடத்தில் நமது ரசிகர் சௌகரியமாகவே உட்காரலாம்.

அந்தச் சௌகரியம் நீடிக்காது. பாட்டின் நடுவில் தாளமும் மெட்டும் சிதறுகின்றன. சிந்தசைசர் கிறீச்சிடுகிறது. ஆளுக்கொரு திசையில் ஓடுகிறார்கள். பிறகு எதுவுமே நடக்காதது போல அதே ஆட்ட மெட்டு திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது அதன் சந்தோஷத்தை நம்ப முடியவில்லை.

இரண்டாவது, ஆல்பத்தின் பெயரையே கொண்ட உருப்படி. ஏறக்குறைய 8 நிமிடம். தொடக்கத்தில் கபியோட்சோ மட்டும் தாளக் கருவிகளோடு தனியே திரிகிறார். எங்கே போகிறார் என்று தெரியாது. பொறுமை இழக்கும் தருவாயில் மற்றவர்கள் சேர்ந்து இறுக்கமான ஒரு நடையைப் பிடிக்கிறார்கள். குழப்பத்திலிருந்து ஒழுங்கு பிறக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கு இயந்திரத்தின் ஒழுங்கு. மூன்றாவதான 'கொன்ஸபெவோலெட்ஸா'வுக்கு விழிப்புணர்வு என்று பொருள். இதிலும் அடுத்து வரும் 'காலத்தின் உதடுகள்' என்ற பாட்டிலும் ஸ்ட்ராடோஸின் குரல் மெட்டுக்குள் முழு வீச்சில் ஒலிக்கிறது. தட்டுக்குப் புதியவர்கள் இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம்.

ஐந்தாவது, குரலே இல்லாத 'ஸ்மிர்னாவிலிருந்து 240 கிலோமீட்டர்'. பேஸ் கிடாரும் சாக்ஸபோனும் ஜாஸ் மொழியில் பேசிக் கொள்கின்றன. ஸ்மிர்னா என்பது இன்று துருக்கியின் இஸ்மிர். 1922-ல் அந்த நகரம் எரிந்தபோது கிரேக்கர்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் வழியே தப்பினார்கள். கிரேக்கப் பாடகர் வாய் திறக்காத ஒரே உருப்படிக்கு அந்த ஊரின் பெயர் வைத்திருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

கடைசி, 'ஸெப்பலினைச் சுட்டு வீழ்த்தல்'. ஸெப்பலின் என்பது வானில் மிதக்கும் கப்பல். எந்த ஸெப்பலின் என்று ராக் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாட்டு என்ற கட்டடமே இடிக்கப்படுகிறது. ஸ்ட்ராடோஸ் முனகுகிறார், விக்குகிறார், குரைக்கிறார், உச்சத்தில் ஊளையிடுகிறார். முதல் முறை கேட்பவர் ஒலியைக் குறைக்கக் கை நீட்டுவார். மூன்றாவது முறை கேட்கும்போது ஒன்று புரியும்: இந்தக் கலவரத்தில் ஒரு சத்தம்கூடத் தவறி விழவில்லை. எல்லாம் அவர் நினைத்த இடத்தில், நினைத்த கணத்தில் விழுகிறது.

பெயரில் இருக்கும் முள்

காதின் தடை இத்தோடு தீர்ந்தது. இனி மனசாட்சி.

'ஆர்பைட் மாக்ட் ஃப்ரை' என்ற ஜெர்மன் வாசகத்துக்கு 'உழைப்பு விடுதலை தரும்' என்று பொருள். ஆஷ்விட்ஸ் வதை முகாமின் வாயிலில் நாஜிகள் இரும்பு எழுத்துகளில் மாட்டிய பொய். அந்த முகாமில் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் யூதர்கள். இத்தாலிக்கு இது தூரத்து வரலாறு அல்ல. டுரின் நகரின் வேதியியலாளர் பிரைமோ லெவி 1944-ல் அங்கே அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பியவர். அந்த அனுபவத்தை எழுதி 1947-ல் புத்தகமாக்கினார்.

அந்த வாசகத்தை ஒரு ராக் ஆல்பத்துக்குச் சூட்டலாமா? தொழிற்சாலை உழைப்பு தரும் விடுதலையும் இதே ரகப் பொய்தான் என்று சொல்ல வந்தார்கள் எனப் படிக்கலாம். சம்பளத்துக்கு உழைப்பவரின் சலிப்பையும் விஷவாயு அறையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்ற கேள்வி உடனே எழுகிறது.

முதல் பாட்டின் பெயர் அடுத்த முள். 'ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 'கறுப்பு' என்று சேர்த்திருக்கிறார்கள். 'கறுப்பு செப்டம்பர்' என்பதற்கு அப்போது இரண்டு அர்த்தங்கள் இருந்தன. ஒன்று, 1970 செப்டம்பரில் ஜோர்டான் ராணுவம் பாலஸ்தீனப் போராளிகள் மீது தொடுத்த தாக்குதல். அகதி முகாம்களில் இருந்தவர்களும் மாண்டார்கள். மற்றது, அந்த மாதத்தின் பெயரையே சூட்டிக் கொண்ட பாலஸ்தீன ஆயுதக் குழு. 1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியின் 11 பேரையும் ஒரு மேற்கு ஜெர்மன் போலீஸ் அதிகாரியையும் பலி கொண்டது அந்தக் குழுவின் தாக்குதல். அடுத்த ஆண்டே இந்தத் தட்டு கடைக்கு வந்தது. காலத்துக்கு முன்பே முதுமை அடைந்த குழந்தைகளைப் பற்றிப் பாடும் அதே பாட்டு, போருக்குத் தன்னைத் தள்ளியது எதிராளியின் உலகம்தான், பழி தன்னுடையதல்ல என்றும் வாதிடுகிறது. முதல் பாதி நெஞ்சைத் தொடுகிறது. இரண்டாவது பாதி உலகம் முழுவதும் ஆயுதம் எடுத்தவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம்.

போதாக்குறைக்கு முதல் பதிப்பின் உறைக்குள் அட்டையில் வெட்டிய ஒரு துப்பாக்கியும் இருந்தது. 1973-ல் அது ஒரு விளம்பரக்காரரின் குறும்பு. நாலு வருடத்தில் குறும்பு கசந்தது. 1977 மே 14 அன்று அதே மிலானின் ஒரு தெருவில், முகத்தை மறைத்த இளைஞர் ஒருவர் முழங்காலை மடக்கி, இரு கைகளாலும் கைத்துப்பாக்கியை நீட்டிக் குறி வைக்கும் காட்சி புகைப்படமானது. அன்றைய மோதலில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். ஈய ஆண்டுகளின் அடையாளமாக அந்தப் படம் நிலைத்துவிட்டது. அட்டைத் துப்பாக்கிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அட்டைத் துப்பாக்கி மறுபடி விளையாட்டுச் சாமானாகத் தெரிவது கடினம்.

அப்படியானால் இந்த ஆல்பத்தை ஒதுக்கிவிடலாமா? கூடாது. காரணம், வரிகள் ஒன்று சொல்ல, குரல் வேறொன்றைச் செய்கிறது. வரிகள் முடிவுகளை அறிவிக்கின்றன. குரலோ எதையும் முடிவு செய்யாமல் தேடிக்கொண்டே இருக்கிறது. விடுதலை என்ற சொல்லைத் தாளில் எழுதியவர் சாஸ்ஸி. அது எப்படி இருக்கும் என்று தொண்டையில் நிகழ்த்திக் காட்டியவர் ஸ்ட்ராடோஸ். அரபுப் பெண்ணின் அமைதிப் பேச்சையும் அட்டைத் துப்பாக்கியையும் ஒரே உறைக்குள் வைத்துவிட்டு, எதை எடுப்பது என்பதை நம்மிடம் விட்டிருக்கிறது இந்தத் தட்டு. ஐம்பது வருடம் கழித்தும் மத்தியக் கிழக்கின் செய்திகளோடு வாழும் உலகத்தில் அந்தக் கேள்வி பழசாகவில்லை.

மழலையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

இந்த ஆல்பத்தில் விதையாக இருந்ததை ஸ்ட்ராடோஸ் பின்னர் மரமாக்கினார். தூண்டுதல் வீட்டிலேயே இருந்தது. கைக்குழந்தையாக இருந்த மகளின் மழலையைக் கூர்ந்து கேட்டார். எண்ணற்ற ஒலிகளோடு விளையாடும் குழந்தை, பேசக் கற்றதும் அவற்றில் பெரும்பாலானவற்றை இழந்துவிடுகிறது. மொழியைப் பெறக் குரலை விலையாகக் கொடுக்கிறோம். கொடுத்ததை மீட்க முடியுமா என்பது அவரது வாழ்நாள் தேடலாயிற்று.

ஒரே தொண்டையில் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்பப் பழகினார். மங்கோலியப் பாடகர்களின் மரபிலும் இப்படி ஒரு கலை உண்டு. படுவா நகரில் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ராங்கோ ஃபெர்ரேரோ கருவிகளை வைத்து இந்தக் குரலை அளந்து பதிவு செய்தார். 1974-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் படைப்பை நிகழ்த்தினார். 1976-ல் 'மெட்ரோடோரா', 1978-ல் 'கன்டாரே லா வோச்சே' என்ற தனி ஆல்பங்கள். இரண்டிலும் பெரும்பாலும் குரல், குரல், குரல் மட்டும்.

குழுவும் சும்மா இருக்கவில்லை. ஜீவாஸ் பி.எஃப்.எம்.முக்குப் போக, அரேஸ் டவோலாட்சி வந்தார். 1974-ல் 'காஷன் ரேடியேஷன் ஏரியா', 1975-ல் 'கிராக்!' என்று ஆல்பங்கள் தொடர்ந்தன. 1976-ல் மிலானின் பார்கோ லாம்ப்ரோ பூங்காவில் நடந்த இளைஞர் விழாவில் சிந்தசைசரின் கம்பிகளைக் கூட்டத்தில் இருந்தவர்களிடம் நீட்டினார்கள். கம்பியைப் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் தொட்டால் ஒலி மாறும். கையோடு கை கோத்தால் அதுவே இசை. ஆரேயா செய்த அரசியலிலேயே மிகத் தெளிவானது இதுதான். இதில் வரிகளே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மைதானத்தில் ஒரு மாலை

1979-ல் ஸ்ட்ராடோஸுக்குக் கடுமையான ரத்த நோய். எலும்பு மஜ்ஜை ரத்தத்தை உற்பத்தி செய்ய மறுத்தது. நியூயார்க்கில் சிகிச்சை. செலவுக்குப் பணம் திரட்ட மிலானின் அரேனா மைதானத்தில் ஜூன் 14 அன்று கச்சேரிக்கு ஏற்பாடாகியது. இத்தாலியின் ராக், ஜாஸ், நாட்டுப்பாடல் கலைஞர்கள் திரண்டார்கள். ஜூன் 13 அன்று அவர் இறந்தார். வயது 34. கச்சேரி நிற்கவில்லை. உதவிக்காகக் கூட்டிய கூட்டம் அஞ்சலிக் கூட்டமாயிற்று. ஈய ஆண்டுகளின் உச்சத்தில், ஒருவரையொருவர் சந்தேகித்துக் கொண்டிருந்த நகரத்தில், பல்லாயிரம் பேர் ஒரு குரலுக்காக ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

சாஸ்ஸி 1993-லும் கபியோட்சோ 2000-லும் காலமானார்கள். டோஃபானி எதிர்பாராத திசையில் போனார். ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்து துறவியாகி, 'திரிகண்ட வீணை' என்று தானே ஒரு வாத்தியத்தை உருவாக்கினார். கிழக்கே திரும்பிய குழுவில் ஆகக் கிழக்கே வந்து சேர்ந்தவர் அவர்தான். 2010-ல் அவரும் ஃபரிசெல்லியும் டவோலாட்சியும் மீண்டும் ஆரேயாவாக மேடையேறினார்கள். பாடகரின் இடத்தை அதே மாதிரி நிரப்ப எவராலும் முடியாது என்பது மூவருக்கும் தெரிந்த விஷயம்.

இன்று இந்தத் தட்டைத் தேடி மிலானுக்குப் போக வேண்டியதில்லை. இணையத்தில் சில விநாடிகளில் கிடைக்கிறது. கேட்க நினைப்பவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொள்வது நல்லது. 36 நிமிடம் கேட்க, மிச்சம் யோசிக்க. பிடிக்கவில்லை என்றால் கடைசி உருப்படியை மட்டும் மறுநாள் இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்.

சேகரிப்பாளர்களோ முதல் பதிப்பைத் தேடுகிறார்கள். உள்ளே அட்டைத் துப்பாக்கி மடங்காமல், கிழியாமல் இருந்தால் அவர்களுக்கு அதன் மதிப்பே வேறு. அதை அவர்கள் பத்திரமாக வைத்துக் கொள்ளட்டும். அட்டை என்றாவது மக்கிப் போகும். நமக்கு அந்தக் குரல் போதும்.